யோகராசாட பேரில கிடந்த படம்

நம்பாட்டி விடுங்க. எனக்கு ஒரு நட்டமும் இல்ல. நான் பேய் பிசாசுக்குப் பயந்து நடுங்குற ஆளில்ல. வந்தாறுமூலை கம்பஸில கொம்பியூட்டர் திருத்துறதுதான் என்ட வேலை. ஆனா இது நடந்தது. நடுச்சாமத்திலயும் இல்ல, பட்டப்பகலில, மட்டக்களப்பு நாவற்குடாவில. ரெண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு, சண்டை முடிஞ்சு அடுத்த மாசம்.

அன்னப்பூரணி அக்கா அங்க ஒரு ஸ்டூடியோ வைச்சிருந்தவ. கோல் எடுத்தா.

"உதயரூபன், மெசின் திறக்குதில்ல மனே. ஓடி வா."

அண்டைக்குக் கச்சான் காத்து. மண்ணை அள்ளி மூஞ்சில எறியுது. எரிச்சலோடதான் போனன்.

கடைக்குள்ள ஒரு பொம்புள. ஊர் தேற்றாத்தீவு, பேர் அஜந்தா. இருக்கிறா, எழும்புறா, வாசலைப் பார்க்கிறா, மறுகா இருக்கிறா. அவட தம்பி மதுஷன் ரெண்டு வருசத்துக்கு முதல் காணாமப் போனவன். வவுனியா முகாமில அவனைப் போல ஒருத்தனைக் கண்டதா ஆரோ சொல்லியிரிக்காங்க. மூண்டு மணிக்கு ஒரு வான் அங்க வெளிக்கிடுது. படம் குடுத்து விட்டா வான்காரர் தேடிப் பார்ப்பார். படம் இல்லாம, அந்தச் சனக்கடலுக்குள்ள ஆரைத் தேடுற?

அந்தப் படம் இந்த மெசினுக்குள்ள மட்டும்தான் இரிக்கி. சுனாமி வீட்டை அள்ளிக்கொண்டு போனபிறகு சேத்துக்குள்ள கிடந்து எடுத்த ஒரே படம். அப்ப மதுஷனுக்குப் பன்னிரண்டு வயசு. இந்தக் கடையில வேலை செஞ்ச யோகராசாதான் அதைக் காயவைச்சு, ஸ்கேன் பண்ணி, கிழிஞ்ச இடமெல்லாம் சரிபண்ணிக் காப்பாத்தினவன். கடதாசிப் படம் கொஞ்ச நாளில உதிர்ந்து போயிற்று.

"யோகராசா எங்கக்கா?"

"கட்டாருக்குப் போயிட்டானாம். சொல்லாமக் கொள்ளாம. ஒரு வருசமாச்சு."

அக்கா செஞ்ச வேலையைக் கேளுங்க. அவன்தான் வாறல்லையே எண்டு, மெசினில எதையும் மாத்த விடுற ரூட் பாஸ்வேர்டைப் போட்டு, யோகா எண்ட அவன்ட கணக்கை அழிச்சிரிக்கா. மறுகா அவன்ட பைல் எல்லாத்தையும் தன்ட பேருக்கு மாத்த வெளிக்கிட்டிரிக்கா. பாதியில கரண்ட் கட். எல்லாம் குழம்பிற்று. லினக்ஸில ஒவ்வொரு பைலுக்கும் ஒரு சொந்தக்காரன் இரிப்பான். டெஸ்க்டொப் தொடங்கத் தேவையான பைல் உங்கட பேரில இல்லாட்டி, பாஸ்வேர்ட் சரியா அடிச்சாலும் உள்ள விடாது. ஒருக்கா வெளிச்சம் காட்டிப்போட்டு, திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்கும்.

"இது பத்து நிமிசத்து வேலைக்கா" எண்டன். பெரிய இவன்!

அந்த ரூட் பேரில கறுப்புத் திரைக்குப் போய், பைல் எல்லாம் ஆர்ட பேரில கிடக்கு எண்டு பார்த்தன்.

யோகா. யோகா. யோகா.

எனக்கு விளங்கல்ல. கணக்கை அழிச்சா பேர் காட்டாது, வெறும் இலக்கம்தான் காட்டும். மெசினில இருக்கிற கணக்கெல்லாம் பார்த்தன். யோகா எண்டு ஒரு கணக்கே இல்ல. அப்ப இந்தப் பேர் எங்கயிருந்து வருது?

சரியெண்டு மாத்திவிட்டன். எல்லாம் அக்காட பேருக்கு வந்திற்று. பாஸ்வேர்ட் அடிச்சன். வெளிச்சம் வந்திச்சு... டப்பெண்டு பழைய இடம்.

திரும்பப் பார்த்தன்.

யோகா.

திரும்ப மாத்தினன். திரும்ப யோகா. எங்கயோ இருந்து ஆரோ விளையாடுறாங்க எண்டு சொல்லவும் ஏலாது. அந்தக் கடையில நெட்டே இல்ல.

இப்ப மெசினுக்குள்ள ஆர் ஆர் நிக்கிறாங்க எண்டு பார்க்க ஒரு கட்டளை இரிக்கி. அடிச்சன்.

ரெண்டு பேர்.

ரூட்... அது நான்.

யோகா...

வெளிய மண்டையைப் பிளக்கிற வெயில். நான் கதிரையைப் பின்னால தள்ளினன்.

"அண்ணன், ரெண்டரையாகுது." அஜந்தாட குரல் உடைஞ்சு வந்திச்சு. "படத்தை மட்டுமாவது எடுத்துத் தாங்களன்."

எப்பிடி எடுக்கிற? கறுப்புத் திரையில எழுத்துத்தான் தெரியும், முகம் தெரியாது. அதுக்குள்ள கணக்கில்லாத படம், எல்லாத்துக்கும் பேர் இல்லாம இலக்கம் போட்டு வைச்சிரிக்கான்.

எனக்குப் பயம் வந்தாக் கோவம்தான் வரும்.

"என்னட்டக் கேட்டு என்ன செய்ற? யோகராசாட்டக் கேளுங்க!" எண்டு கத்திப்போட்டன்.

அந்தப் பொம்புள அதை உண்மையா எடுத்திட்டா. மொனிட்டருக்குக் கிட்ட வந்து குனிஞ்சா.

"யோகராசாண்ணன்... என்ட தம்பிட படம் வேணும். தாங்க."

கீபோர்டில என்ட கை இல்ல. சத்தியமா இல்ல.

டக்... டக்...

டெஸ்க்டொப் திறந்திச்சு.

பாஸ்வேர்ட் கேட்கல்ல. திரை நிறைய ஒரே ஒரு படம்.

பன்னிரண்டு வயசுப் பொடியன் இல்ல அது. மீசை அரும்பின முகம். ஒட்டின கன்னம். குனிஞ்சு கீழ பார்க்கிறான். பின்னால வானம் மட்டும்.

"ஐயோ... என்ட தம்பி! வளர்ந்திட்டான்!"

அக்காட மூஞ்சைப் பார்த்தன். வெளிறிப் போயிருந்தா. பிரிண்ட் எடுத்தம். அஜந்தா அதை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு வானுக்கு ஓடினா.

நான் வயரைப் பிடுங்கிப்போட்டு வீட்ட வந்திட்டன். காசும் வாங்கல்ல. அந்தக் கடைப்பக்கம் மறுகா போகவும் இல்ல.

அந்தப் படத்தை வைச்சுத்தான் மதுஷனைக் கண்டுபிடிச்சாங்க. சின்ன வயசுப் படத்தைக் காட்டியிருந்தா ஒருத்தருக்கும் ஆளை மட்டுக்கட்டியிருக்க ஏலாது. அடுத்த வருசம் பொடியன் வீட்ட வந்தான். எனக்கு மனசு பொறுக்கல்ல. தேற்றாத்தீவுக்குப் போனன். அஜந்தாட்ட இருந்த படத்தை வாங்கி அவன்ட கையில குடுத்தன்.

"இதை ஆர் தம்பி எடுத்த?"

படத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"தெரியாண்ணன். நான் படத்துக்கு நிக்கல்லையே."

"யோகராசா எண்டு ஒருத்தரைத் தெரியுமா?"

பொடியன் திடுக்கிட்டுப் போனான்.

அவன் சொல்லித்தான் தெரியும், யோகராசா கட்டாருக்குப் போகல்ல. வன்னியில இருந்த பொண்சாதியைக் கூட்டிவரப் போய், சண்டைக்குள்ள மாட்டுப்பட்டவன். கடைசி நாட்களில, முல்லைத்தீவுக் கடற்கரையில, யோகராசாவும் மதுஷனும் ஒரே திறந்த பங்கர்க் குழிக்குள்ள. மட்டக்களப்பான் எண்டு யோகராசாவுக்கு மதுஷன் துணை. மே மாசம் ஷெல் விழுந்திச்சு.

"என்ட மடியிலதான் கிடந்தவர். குனிஞ்சு தண்ணி பருக்கினன். இறங்கல்ல. என்ட மூஞ்சையே பார்த்தபடி போயிட்டார்."

"அப்ப இந்தப் படம்? அங்க ஆர்ட்டயும் கமரா இருந்திச்சா?"

"அங்க ஏதண்ணன் கமரா?" எண்டான் மதுஷன். "அவர்ட கண் மட்டும்தான் திறந்திருந்திச்சு."