தென்னை என்று நினைத்த பாய்மரம்

யுத்தம் முடிந்த வருடம், சுற்றுலாக்காரரை ஏற்றித் திரிந்த ஒரு பாய்க்கப்பலில் நான் சமையல்காரன். எனக்குக் கையுதவிக்கு வந்தவன் கிழக்குக் கடலோரச் செட்டிபாளையத்தில் எங்கள் பக்கத்து வளவுக்காரன். சுனாமியில் மனைவியைப் பறிகொடுத்தவன். அவனைச் சிரிக்க வைக்கும் உத்தியோகத்தை எனக்கு நானே கொடுத்திருந்தேன்.

சட்டிகளைக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் அங்கே சமையல். அப்படியும் பாதிக் குழம்பு சுவருக்குப் போகும். அரிசியைக் கடல்நீரில் கழுவி, கடைசிக் கழுவலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். பாய் இழுக்க ஆள் போதாவிட்டால் எங்களுக்கும் அழைப்பு வரும். மத்தியானத்தில் ஆள் மாறித் தூங்குவோம்.

ஒரு மத்தியானம் அவன் கீழே தூங்க, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே எந்நேரமும் ஆடும் அகப்பைகள் திடீரென்று நின்றன. வெளியே வந்தால் காற்றில்லை, பாய்கள் துவண்டு தொங்கின, கடல் எங்கள் வாவி மாதிரிக் கிடந்தது. சுனாமி வந்த காலையும் கடல் இப்படித்தான் சாதுவாக இருந்தது. அன்று என்னைக் காப்பாற்றியது ஒரு தென்னை. மூளையைக் கேட்காமலே கால்கள் புறப்பட்டன. பக்கத்தில் கயிற்றேணி இருக்க, சாரத்தை மடித்துக் கட்டி, வெங்காயக் கத்தியை வாயில் கவ்விக்கொண்டு, பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறினேன்.

கீழே மாலுமிகள் கூடிவிட்டார்கள். பயத்தில் ஏறினேன் என்று சொல்ல வெட்கம். சுனாமிக்கு எங்கள் ஊரில் எப்படி ஏறினோம் என்று நடித்துக் காட்டினேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். சத்தத்துக்கு எழும்பி வந்த அவன் அதை முழுதாகக் கேட்டுக்கொண்டு நின்றான்.

அதன்பின் அவன் என்னோடு பேசவில்லை. அடுத்த துறைமுகத்தில் இறங்கிவிடுவதாகக் கப்பல் தலைவரிடம் சொல்லியிருந்தான். இரண்டு நாள் அவனுடைய முதுகைப் பார்த்துச் சமைத்தபின், பொறுக்க முடியாமல் உண்மையைச் சொன்னேன்.

"மச்சான், அது பகிடி இல்லடா. கடல் வருகுது எண்டு உண்மையாவே பயந்துதான் ஏறினன்."

கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன் திரும்பினான்.

"அப்ப என்னை ஏன் எழுப்பல்ல?"

கத்தியைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு ஏறியவன் நான். பக்கத்தில் குந்தி நானும் கிழங்கு உரித்தேன்.

அவன் இறங்கத்தான் இறங்கினான். ஊருக்கு வந்தபின் மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. இப்போதும் கொழும்பு பஸ்ஸில் ஒன்றாகப் போனால், கண்ணை மூடுமுன் கேட்பான்:

"ஏதும் எண்டா எழுப்புவாய்தானே?"

பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். நான் கொழும்பு வரும்வரை முழித்திருப்பேன்.