கரண்ட் போனால் சூரியத் தகடு ஓடாது: விருத்தாசலத்தில் நான் சொல்லாமல் விட்டது

சூரிய மின்தகடு விற்கும் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. அதில் நான் பேசி முடித்த இடங்களில் ஒன்று விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை. போன மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே மன்னிப்புக் கேட்கப் போனேன்.

விழுப்புரத்தில் காலை எட்டேகாலுக்கு ரயில் ஏறினேன், ஒரு மணி நேரம். ஜங்ஷனிலிருந்து ஆட்டோ நூறு ரூபாய். "பொம்மை வாங்கவா சார் வந்தீங்க?" என்றார் ஓட்டுநர். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

நான் பார்க்க வந்த மும்தாஜ் அக்கா, பேட்டையில் ஷெட் போட்டு கொலு பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிறவர். கணவர் குவைத்தில். கேஸ் சூளையை விற்றுவிட்டு மின்சாரச் சூளை வையுங்கள், கூரையில் தகடு போடுங்கள் என்று அவரை மாற்றியவன் நான். எல்லா ஊரிலும் மின்தேவை ஏறிக்கொண்டே போகிறது, இதுதான் வழி என்று நம்பித்தான் சொன்னேன். ஒன்றை மட்டும் மறைத்தேன். பேட்டரி இல்லாத அமைப்பில், லைனில் கரண்ட் போனால் தகடும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் மேல் மின்சாரம் பாயாமலிருக்க அந்த ஏற்பாடு. சொன்னால் அக்கா தயங்குவார் என்று விட்டுவிட்டேன்.

நாற்காலி போட்டு, டீ வரவழைத்த பிறகுதான் நடந்ததைச் சொன்னார்.

"நவராத்திரி ஆர்டரு தம்பி. சூளையில பாதி வெந்துக்கிட்டு இருக்குது, மத்தியானம் ரெண்டு மணிக்கு கரண்டு போச்சு. வெயிலு கொளுத்துது, தகடு இருக்குதேன்னு நெனச்சோம். அதுவும் நின்னுபோச்சு. ஒரே வாரத்துல மூணு தடவ. பொம்மை பூரா கொப்புளம்."

ஆர்டர் கைவிட்டுப் போனது. ஏழு தொழிலாளர்களில் நாலு பேர் பெண்ணாடம் சர்க்கரை ஆலைக்குப் போய்விட்டார்கள்.

"இப்பிடி ஆவும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. மன்னிச்சிருங்க."

"சொல்லியிருந்தா கேஸ் சூளைய விக்காம வச்சிருப்பேனே தம்பி" என்றார்.

இப்போது வாடகைக்கு எடுத்த கேஸ் சூளையில் வேகவைக்கிறார். தகடு, மண் கலக்கும் மெஷினை ஓட்டுகிறது. "சோலார் மேல தப்பு சொல்ல மாட்டேன். பக்கத்து ஷெட்டுக்காரரும் போடப் போறாரு. நீங்களே போயி அவருகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். தகடு போடுங்கள், ஆனால் கேஸ் சூளையை விற்காதீர்கள் என்றேன். அவர் பேப்பரில் குறித்துக்கொண்டார்.

இங்கே வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பல ஷெட்டுகள் பூட்டியிருக்கும். தகடு போட நினைப்பவர்கள், கரண்ட் போனால் எது எது ஓடும் என்று முதலில் கேளுங்கள். விற்கிறவர் பேச்சை மாற்றினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாலை நாலு மணிக்கு அக்காவிடம் "போயிட்டு வரேன்" என்றேன். அவர் தலையசைத்தார். "வாங்க" என்று சொல்லவில்லை.