விமானத்துக்குப் பொட்டு வைக்கப் போனவர்

இந்த ஆடியில் குற்றாலச் சீசனோடு இன்னொரு அதிசயமும் சேர்ந்துகொண்டது. தென்காசிக்கு வெளியே பொட்டலில் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கி, ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு அருவிக்கு மேலே ஒரு சுற்றுக் காட்டுகிறது என்றார்கள். விடுவேனா? என் வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு வாசுதேவநல்லூரில் முதல் பஸ் ஏறினேன். இருபத்து மூன்று மைல். தலைக்கு ஒரு ரூபாய் ஐந்து நயா பைசா.

குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டு ஜட்காவில் பொட்டலுக்கு வந்தோம். அவர் கையில் பிரசாத மாலையும் குங்குமமும். எங்கள் ஊருக்குப் புது லாரி வந்தால்கூட, முகப்பில் பொட்டு வைக்காமல் அவர் யாரையும் ஏறவிட மாட்டார். ஆகாயத்தில் போகிற வண்டிக்குக் கேட்கவா வேண்டும்!

விமானம் இறங்கி நின்றது. முந்தின சுற்றுக்காரர்கள் இறக்கைக்குப் பின்பக்கமாக இறங்கி வந்தார்கள். அடுத்த சுற்றுக்காக எஞ்சினை நிறுத்தவில்லை. மூக்கில் இருக்கிற விசிறி சுற்றிய வேகத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்த இரண்டு பேர் வரலாம் என்றதும், இவர் கயிற்றைத் தாண்டி, மாலையை விரித்துப் பிடித்தபடி நேராக மூக்கைப் பார்த்து நடந்தார்.

இறக்கைக்கு அந்தப் பக்கம் நின்ற மெக்கானிக், "அண்ணாச்சி, முன்னால போவாதிய!" என்று கத்தினார். கூட்டமும் அண்ணாச்சி, அண்ணாச்சி என்றது. அங்கே அண்ணாச்சி அல்லாத ஆண்பிள்ளை யார்? இவர் திரும்பவில்லை. நான் 'இந்தாங்க' என்றது எனக்கே கேட்கவில்லை. நாலு எட்டுதான் பாக்கி. மாலையின் நுனி விசிறியை நோக்கி இழுபட்டது.

"ஆறுமுகம்!" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன்.

கோயிலில்கூட அந்தப் பெயரைத் தவிர்த்து, 'வேலவா' என்றே கும்பிடுகிறவள் நான். அவர் ஆணி அடித்தாற்போல நின்று திரும்பினார். அதற்குள் மெக்கானிக் ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

"ஏட்டி, இத்தனை பேரு முன்னால பேரச் சொல்லுதியே" என்றார். அவருக்கு அதுதான் அதிர்ச்சி. விமானி எஞ்சினை நிறுத்தினார். வெறும் காற்றாக இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு மரக்கத்தி வந்து நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் இவர் விரித்த மாலையைச் சுருட்டிக்கொண்டார்.

விமானி கோபிக்கவில்லை. நின்ற விசிறியையும் தொடக்கூடாது, சூடான எஞ்சின் தானாக ஒரு சுற்றுச் சுற்றிவிடும் என்றார். பொட்டை வாலில் வைக்கச் சொன்னார். வைத்தோம். மாலை ஜட்காக் குதிரைக்குப் போனது.

பிறகு பறந்தோம்! கீழே தென்காசியின் மொட்டைக் கோபுரம்; மலையில் தேங்காய்ப்பூவைக் கொட்டினாற்போல ஐந்தருவி. இவர் என் காதருகே குனிந்து, "இப்ப இன்னொருக்கா சொல்லு, ஒருத்தருக்கும் கேக்காது" என்றார். நான் அருவியைப் பார்த்துக்கொண்டேன்.

போகிறவர்களுக்குச் சொல்லுகிறேன். விசிறி நின்று, விமானி கையசைத்த பிறகு, இறக்கைக்குப் பின்பக்கமாகவே போங்கள். முந்தானையையும் மேல்துண்டையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். யாராவது முன்பக்கம் போனால், முறை பார்க்காமல் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

திரும்பும்போது திருமலைக் கோயில் முருகனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சந்நிதியில் நின்றதும் நன்றி சொல்லத்தான் வாய் வந்தது.