ஃபாக்டரிப் பச்சை

எங்கள் அப்பாவுக்கு ஒரு பொருள் பிடித்துவிட்டால் அதற்குப் பெயின்ட் அடிக்காமல் இருக்க முடியாது. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கொழுந்து லாரி ஓட்டினார். ஆயுத பூஜைக்கு முன்னால் ஃபாக்டரி மெஷின்களை எல்லாம் சுரண்டித் துடைத்துப் பச்சைப் பெயின்ட் அடிப்பது எங்கள் தோட்டத்து வழக்கம். தராசு, தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிக் கம்பி எல்லாவற்றுக்கும் அதே பச்சைதான். மிஞ்சுகிற டின்னை ஃபாக்டரிக் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டு வாங்கி வந்துவிடுவார் அப்பா. எங்கள் வீட்டுக் கதவு, ஜன்னல், அம்மாவின் தையல் மெஷின் மேஜை, என் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் ஃபாக்டரிப் பச்சையில்தான் இருந்தன. ஒரு வருஷம் கோழிக்கூண்டுக்கு அடித்தவர், அது காய்வதற்குள் கோழிகளை உள்ளே விட்டுவிட்டார். அந்தத் தீபாவளிக்குப் பச்சைக் கோழி அறுத்த கதையை அம்மா விருந்தாளிகள் வரும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

அந்தக் கார் எங்களிடம் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. தோட்டத்தில் கடைசியாக இருந்த வெள்ளைக்காரத் துரை வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பினார். பங்களாச் சாமான்களை ஏலம் போட்டார், நாயைத் தானா ராத்தாவில் ஒரு டாக்டரிடம் கொடுத்தார், காரை மட்டும் என் மாமாவிடம் கொடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஃபாக்டரியில் ஃபிட்டர். கல்யாணம் ஆகாததால் எங்களோடுதான் இருந்தார். துரையின் காரில் மாமாவைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை.

காரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் யாராவது விலை கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். பத்து வயதான குட்டிக் கார். கடுகு மஞ்சள் நிறம், பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. கதவு இரண்டுதான். பின்பக்கம் மட்டும் மூன்றாவதாக ஒரு கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். சீட்டுகளில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி. ஆள் சின்னது, ஆனால் அதற்குள் இருந்த இன்ஜினுக்குக் கோபம் அதிகம். தாப்பாவிலிருந்து மலையேறும் வளைவுகளில் அது போடும் சத்தத்தைக் கேட்டுத்தான் கொழுந்து எடுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்களாம்.

சாவியைக் கொடுத்த அன்று நானும் மாமாவோடு பங்களாவுக்குப் போயிருந்தேன். அந்தத் துரை தமிழ் பேசுவார். தோட்டத்துத் தமிழ்தான், ஆனால் தெளிவாகப் பேசுவார்.

“இந்த மாதிரி கார் இந்த நாட்டுல விரல் விட்டு எண்ணிடலாம். நீ ஒண்ணும் மாத்தாதே. ஈப்போவுல ஒரு டவுக்கே இருக்கான், அவனுக்குத்தான் இதோட விலை தெரியும். அவன்கிட்ட மட்டும் காட்டு” என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் அந்த முதலாளியின் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

மாமா அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அவருக்கு அது அதிகம். அன்று ஐந்தாவதாக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

மாமாவுக்கு ஒரு ஆசை இருந்தது. ரிங்லெட் சாலையோரம் தகரக் கொட்டகையில் கார் பட்டறை வைத்திருந்த ஒருவர், மகனோடு பினாங்குக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அந்த இடத்தைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வைத்திருந்தார். கொட்டகைக்கும் சாமான்களுக்கும் மூவாயிரம் வெள்ளி விலை. தீபாவளி வரைக்கும் காத்திருப்பதாக அந்த ஆள் வாக்குக் கொடுத்திருந்தார். காரை விற்றால் பட்டறை. பட்டறை வந்தால் ஃபாக்டரிச் சங்கு ஊதும்போது எழுந்து ஓடத் தேவையில்லை. இது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் வரிசையில் இருந்த லைன் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து காருக்கு விலை சொல்லிவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் ஒரு வண்டியின் மதிப்பு அது எத்தனை பேரைச் சுமக்கும் என்பதில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கதவுதானா? அப்ப பாதி கார்லா இது” என்றாள். காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் பின்கதவைத் தூக்கிப் பார்த்து, கோஸ் மூட்டை இரண்டுக்கு மேல் ஏறாது என்று கணக்குச் சொன்னார். அப்பாவுக்கு இதையெல்லாம் கேட்கக் கேட்கப் பொறுக்கவில்லை.

புரட்டாசி முடிகிற சமயம், பேராக் பக்கம் ஒரு ஃபாக்டரியில் மெஷின் பூட்டுவதற்காக மாமாவைப் பத்து நாள் அனுப்பினார்கள். அவர் திரும்பி வரும் அன்று ஆயுத பூஜை. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈப்போ டவுக்கே கார் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்தப் பத்து நாள் அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது.

“பொண்ணு பாக்க வராங்கன்னா பொண்ண அப்படியேவா நிறுத்துவோம்?” என்று அம்மாவிடம் கேட்டார்.

முதலில் சக்கரங்கள். துரையின் சக்கரங்களில் ஓட்டை ஓட்டையாக இருந்தது, கையில் எடுத்தால் கனமும் இல்லை. அப்பா அவற்றைப் பிரிஞ்சாங்கில் ஒரு பழைய இரும்புக்காரனிடம் கொடுத்து, நல்ல கனமான நாலு சக்கரங்களை மாற்றிக்கொண்டு வந்தார். ஏமாந்தவன் அந்த இரும்புக்காரன்தான் என்று வழியெல்லாம் சிரித்தார். அப்புறம் சீட்டுகள். கட்டம் போட்ட துணி ஓரத்தில் நைந்திருந்தது. அதைக் கிழித்துவிட்டு, தானா ராத்தா தையல்காரரிடம் கொடுத்து பிரௌன் ரெக்சின் போட்டார். ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். கிழித்த துணியில் நல்லதாக இருந்த இடத்தை வெட்டி அம்மா எனக்கு ஒரு பள்ளிக்கூடப் பை தைத்தாள். எங்கள் தமிழ்ப் பள்ளியில் அந்த மாதிரிப் பை யாரிடமும் கிடையாது.

கடைசியில் பெயின்ட். கறுப்புப் பட்டையைச் சுரண்டி, முன்னால் ஒட்டியிருந்த எழுத்துகளைப் பெயர்த்து, நாலங்குலப் பிரஷ்ஷால் மூன்று கோட் ஃபாக்டரிப் பச்சை. ஒரு சொட்டு வழியவில்லை. அப்பாவின் கை அப்படி. நான் டின்னைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது உலகத்திலேயே அழகான காராகத் தெரிந்தது.

மாமா வந்தபோது கார் எங்கள் லைன் முன்னால் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலையோடு நின்றது. நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, “எப்படி மாப்ளே?” என்றார்.

மாமா பையைக் கீழே வைத்துவிட்டுக் காரை ஒருமுறை சுற்றி வந்தார். கறுப்புப் பட்டை இருந்த இடத்தை விரலால் தொட்டார். விரலில் பச்சை ஒட்டியது. அப்புறம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், அப்பாவின் கட்டிய கைகளைப் பார்த்தார். இடது மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. ரெக்சின் வாங்கக் கடிகாரத்தை விற்றதை அப்பா யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாகப் போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி மணி கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா இருக்கு மச்சான்” என்றார் மாமா.

பிறகு குளிக்கப் போனார். வெகுநேரம் குளியலறையிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தமே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுக்கே வந்தார். அரைக்கால் சட்டை போட்ட, மெலிந்த சீனக் கிழவர். பக்கத்தில் வந்து பார்ப்பதற்கு முன்னால் தூரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். களைப்பு என்று நினைத்து அம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் உட்காரவில்லை. பானெட்டைத் திறக்கச் சொன்னார். இன்ஜினைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. உள்ளே ஒரு சின்னத் தகட்டில் எண்கள் இருந்தன. சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அதைத் துடைத்தார். அப்பா அதிலும் கொஞ்சம் பச்சை அடித்திருந்தார்.

நான் பள்ளிப் பையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தேன், காரோடு அதுதான் கடைசி நாள் என்பதால். கதவைத் திறந்து உள்ளே குனிந்த டவுக்கே ரெக்சினைப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்த பையைப் பார்த்தார். அதன் கட்டங்களை இரண்டு விரலால் தடவினார். “அம்மா தைத்தது” என்று மலாயில் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குள் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மிச்சமிருந்த அரை டின் பெயின்டையும் டவுக்கேயிடம் கொடுத்துவிட்டால் வழியில் கீறல் விழுந்தாலும் அடித்துக்கொள்ளலாம். எடுத்துவர வீட்டுக்குள் ஓடினார்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் விலை பேசப்பட்டது. டவுக்கே மாமாவின் பக்கம் திரும்பி, “ரூகிலா… ரூகி” என்றார். நஷ்டம், நஷ்டம் என்று. துரை விட்டுப்போன மாதிரியே இருந்திருந்தால் எம்பாட் ரிபு, இப்போது லாபான் ராத்துஸ் என்றார். இன்ஜினுக்காக மட்டும்தான் அதுவும். மலாய் எண்களில் வகுப்பிலேயே நான்தான் முதல். எம்பாட் ரிபு நாலாயிரம், லாபான் ராத்துஸ் எண்ணூறு. என் காதில் தெளிவாக விழுந்தது.

மாமா வீட்டு வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “என் அக்கா வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல வேண்டாம்” என்று மலாயில் கேட்டுக்கொண்டார். கிழவர் தலையாட்டினார்.

அப்பா டின்னோடு வந்தார். “என்ன மாப்ளே சொல்றாரு?”

“எண்ணூறு மச்சான். பெயின்ட் அடிக்காம இருந்திருந்தா ஐந்நூறுதானாம்.”

“பாத்தியா! நான் சொன்னேன்ல?” அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. “துரை கார்னு சும்மா வச்சிருந்தா எவன் கேப்பான்!”

எனக்குப் பொறுக்கவில்லை. “இல்ல மாமா, அவரு எம்பாட்…” என்று ஆரம்பித்தேன். மாமா சட்டென்று பின்கதவைத் தூக்கி, என்னை அந்த வழியாகவே வெளியே எடுத்து இறக்கி, கையில் சாவியை வைத்தார். “பாப்பா, நீதான் டவுக்கேகிட்ட சாவி குடுக்கணும். போ.” அவ்வளவு பெரிய வேலை கிடைத்த பிறகு எண்ணாவது ஒன்றாவது. டவுக்கே என்னிடமிருந்து சாவியையும், அப்பாவிடமிருந்து அரை டின் பெயின்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். போகும்போது அப்பாவிடம் “சாட் பாகுஸ்” என்றார், நல்ல பெயின்ட் என்று.

கொட்டகை தீபாவளிக்கு முன்பே ஒரு டயர்க்காரர் கைக்குப் போயிற்று. ஒரு கைக்கடிகாரம் போக, அந்த எண்ணூறு வெள்ளியில் என்ன வாங்கினார்கள் என்று எனக்கு நினைவில்லை. மாமா மேலும் ஏழு வருஷம் ஃபாக்டரிச் சங்குக்கு எழுந்தார். பிறகு ஒருவழியாகத் தாப்பாவில் பட்டறை வைத்தபோது, அப்பா வாரம் ஒருமுறை போய் அங்கே உட்கார்ந்து, வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம் சொல்லுவார்: “என் பெயின்டுக்கே முந்நூறு வெள்ளி குடுத்தான் ஈப்போக்காரன். வேணும்னா எங்க மாப்ளயக் கேளுங்க.” மாமா குனிந்த தலை நிமிராமல் “ஆமா” என்பார். அப்பா போய்ச் சேரும் வரைக்கும் அந்த “ஆமா” ஒருமுறைகூடத் தப்பவில்லை.

கார் போன அன்று எனக்கு மாமாமேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. பட்டறை பட்டறை என்று ஒரு வருஷமாகக் கனவு கண்டவருக்கு, நாலாயிரத்துக்கும் எண்ணூறுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவிடம் ஐந்நூறு என்று வேறு தப்பாகச் சொல்கிறார். இவருக்குக் கணக்கு வரவில்லை, அதனால்தான் ஏமாற்றிவிட்டார்கள் என்று நான் முடிவு கட்டினேன். அன்று சாயங்காலமே என் கணக்கு நோட்டோடு போய் அவர் எதிரில் உட்கார்ந்தேன்.

“உங்களுக்குக் கணக்கே தெரியல மாமா.”

“ஆமா பாப்பா. எனக்கு அது வராது.”

“நாலாயிரத்துல எண்ணூறு போனா மீதி என்ன? எழுதுங்க.”

மாமா என் பென்சிலை வாங்கி, நாலாயிரத்துக்குக் கீழே எண்ணூறு எழுதி, கோடு கிழித்தார். வாசலில் அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் பெயின்ட் கதையை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. மாமா கோட்டுக்குக் கீழே “உங்கப்பா” என்று எழுதி நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் சிவப்புப் பென்சிலால் பெரிதாகத் தப்புப் போட்டேன். பக்கத்தில் மூவாயிரத்து இருநூறு என்று சரியான விடையை எழுதி, எங்கள் டீச்சர் சொல்கிற மாதிரியே, பத்துத் தடவை எழுதிக் காட்டுங்கள் என்றேன். மாமா பத்துத் தடவையும் எழுதிக் காட்டினார்.