எம்.எல்.ஏ.வைத் திட்டும் வேலை

வெல்லக் கொட்டகையை விட்டு வந்த மறுநாள் சாயங்காலம் பாகலூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். கொட்டகை காவேரிப்பட்டினத்துக்குப் பக்கம். எங்களுக்குப் போடும் களியில் மணல் இருக்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன், போய்விடு என்றார். மணலைச் சொன்னதற்காக இல்லையாம். நான் சொன்னது ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அவர் சம்பந்தி வீடு வரைக்கும் கேட்டுவிட்டதாம். கேட்டிருக்கலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி என்னைக் கம்பங்கொல்லையில் குருவி ஓட்ட விட்டார்கள். அங்கே தேறியது தொண்டை மட்டும்தான். இப்போது முழங்கையில் பாகு தெறித்த கொப்புளம், காலில் செருப்பு இல்லை, வயிற்றில் முந்தின நாள் களி. மைசூர்ப் பக்கம் ஏதாவது வேலை அகப்படும் என்று நடந்தேன்.

முன்னால் கதர் ஜிப்பா போட்ட ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பின் சக்கரத்தில் காற்று இல்லை. கேரியரில் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம். எதிரே வந்த மாட்டுவண்டி நேராக அவர் மேலேயே வந்தது, வண்டிக்காரன் தூங்கிக்கொண்டிருந்தான். நான் ஒரு சத்தம் போட்டேன். வண்டிக்காரன் எழுந்தான், மாடுகள் நின்றன, புளியமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. ஜிப்பாக்காரர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னப்பா வேலை பண்ற?"

"இப்ப ஒண்ணும் இல்லைங்க. இந்தத் தொண்டையாலதான்."

"அப்ப சைக்கிளைத் தள்ளு. பேசிக்கிட்டே போகலாம்."

அவர்தான் அந்தத் தொகுதி எம்.எல்.ஏ. என்பது வழியில் நாலு பேர் கும்பிட்ட பிறகு தெரிந்தது. ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பழத்துக்கும் அவர் முகம் பல்வலிக்காரர் முகம் மாதிரி ஆனது.

"முன்னெல்லாம் இவங்க பழமா கொடுத்தாங்க? வழியை மறிச்சுச் சண்டை போடுவாங்க. அந்தச் சூட்டோட போய் நான் ஆபீஸ் வராந்தாவுல நின்னு கத்துவேன். இவன் தொலைஞ்சாப் போதும்னு அன்னிக்கே காரியத்தை முடிச்சுத் தருவாங்க. ஜெயிச்சுச் சட்டசபைக்குப் போனேன், எல்லாம் போச்சு. இப்ப நாற்காலி போடறாங்க, காப்பி கொடுக்கறாங்க. காப்பியைக் குடிச்சுட்டு எப்படிப்பா கத்தறது?"

"காப்பி வேணாம்னு சொல்லுங்க."

"சொன்னேனே. இளநீர் வந்துச்சு."

ராத்தங்க ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊர் முகப்பில் பாதி வெட்டிய கிணறு இருந்தது. அடியில் பாறை. வெடி வைக்கச் சேலத்திலிருந்து உத்தரவு வர வேண்டும். உத்தரவு கேட்டு எழுத வேண்டிய அதிகாரி அறுவடைக்கு முன்னாலிருந்து 'பார்க்கலாம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு எல்லை தாண்டி மைசூர் ராஜ்யத்துக்குள் போய் வந்தார்கள்.

எங்களுக்குச் சோறு போட்ட அம்மாதான் தெருத்தெருவாகப் போய் இவருக்கு ஓட்டுக் கேட்டவராம். வீட்டுப் பேச்சு தெலுங்கு, திட்டுவதற்குக் கன்னடம், எங்களுக்காகத் தமிழ். மருமகள் ஏழு மாசம். போன வருஷம் குடம் தூக்கியே ஒன்று கலைந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை மாமியாரே தூக்கினார். முழங்கால் இரண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தன. அந்தக் காலும் உட்கார்ந்துவிட்டால் மறுபடி மருமகள்தான் போக வேண்டும்.

"கிணறு என்னம்மா ஆச்சுன்னு என்னைக் கேளேன்" என்றார் எம்.எல்.ஏ.

"உங்களைப் போய்க் கேக்கறதாங்கய்யா? இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?"

அவர் இலையை மூடிவிட்டார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "தேர்தலுக்கு முன்னாடி இந்த அம்மா என்னை வாசல்லயே நிக்க வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கும். இப்பக் குழம்பு ஊத்துது. நாளைக்கு நான் அந்த அதிகாரி ஆபீசுக்குள்ள உக்காந்து காப்பி குடிப்பேன். நீ வெளியே மரத்தடியில நின்னு என்னைத் திட்டணும்."

"உங்களையா?"

"அதிகாரியைத் திட்டினா உன்னைப் பிடிச்சு உள்ள போடுவாங்க. என்னைத் திட்டினா ஏன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா காது அவருக்கும் இருக்குல்ல? கிணத்துல தண்ணி வர்ற வரைக்கும் உனக்குச் சாப்பாடும் படுக்க இடமும் என் பொறுப்பு."

"எவ்வளவு திட்டலாங்க?"

"பாவம் பார்க்காதே."

அதைவிடக் கண்ணியமான வேலைகளை நான் விட்டிருக்கிறேன். ஆனால் வேலைக்கு வைக்கும்போதே தொண்டையைக் கேட்டு வைத்த முதலாளி இவர் ஒருவர்தான். ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் சந்தை. ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் நின்று ஆரம்பித்தேன். "ஓட்டு வாங்கத் தெரியுது, ஒரு கிணறு வெட்டத் தெரியலையா? எங்க ஊருப் பொம்பளைங்க ராஜ்யம் விட்டு ராஜ்யம் போய்த் தண்ணி தூக்கறாங்க, நீ உள்ள காப்பியா குடிக்கற?" சந்தைக்கு வந்தவர்கள் ஆட்டுக்குட்டியும் கோழியுமாகக் கூடிவிட்டார்கள். ஜன்னலில் அதிகாரியின் தலை தெரிந்தது.

அப்போது யாரோ என் துண்டைப் பிடித்து இழுத்தார்கள். அந்த அம்மா. எம்.எல்.ஏ. சாப்பிடாமல் கிளம்பிவிட்டார் என்று சந்தை வண்டியில் தூக்குப்போசியோடு வந்திருந்தார்.

"நேத்து என் கையால தின்னுட்டு இன்னிக்கு அவரையா திட்டற, திருட்டுப் பயலே? அவரு என்ன பண்ணுவாரு? உத்தரவுக்கு எழுதாம உள்ள உக்காந்திருக்காரே, அவரைக் கேளு."

"எனக்கு அவரைத் தெரியாதும்மா. நீங்களே கேளுங்க."

கேட்டார். கன்னடத்தில் கேட்டார். வீங்கிய முழங்காலை ஜன்னலுக்கு நேராகக் காட்டிக் கேட்டார். அந்தக் குரலுக்கு முன்னால் என் தொண்டை வெறும் குருவி ஓட்டும் தொண்டைதான். சந்தைக் கூட்டம் மூன்று பாஷையிலும் கூடச் சேர்ந்துகொண்டது. அதிகாரி தம்ளரைக் கையில் பிடித்தபடியே வராந்தாவுக்கு வந்தார். இன்றைக்கே சேலத்துக்குத் தந்தி அடிப்பதாகச் சொல்லி, சேவகனைக் கூப்பிட்டு எல்லாரும் பார்க்கத் தபால் ஆபீசுக்கு அனுப்பினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் எம்.எல்.ஏ. ஜன்னலருகே வந்து நின்றார். நிறுத்தாதே என்று எனக்கு விரலை ஆட்டினார். தந்திதானே போயிருக்கிறது, தண்ணீர் வரவில்லையே. மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தைக் கடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு, அந்த அம்மாவுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்று, விட்ட இடத்திலிருந்து எம்.எல்.ஏ.வைத் திட்ட ஆரம்பித்தேன்.