தூணில் ஓரடி, காதில் இரண்டு

உள்ளங்கையில் அந்தச் சிவப்புக்கல் தோடு இன்னும் குளிர்கிறது. விஞ்ஞான ரீச்சர் அதைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சேலை நனைவதையும் பாராமல், படகின் அடித்தட்டில் படுத்துக் காதை வைத்தார்.

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு நாளும் படகேறுகிறவர்கள் நாங்கள். அவர் விஞ்ஞானம், நான் சங்கீதம். அன்று மார்கழிப் பனி. கடலுமில்லை, வானுமில்லை, ஒரே வெள்ளை. பிள்ளைகளின் சோதனைத் தாள்கள் என் மடியில். எட்டரைக்குள் கரையேறாவிட்டால் சோதனை இல்லை. பனிமூட்டமென்றால் இறங்குதுறையில் கடலுக்குள் ஊன்றிய இரும்புத் தூணைச் சுத்தியலால் அடிப்பது வழக்கம். அடித்தார்கள்தான். ஒலியோ எல்லாப் பக்கமுமிருந்து வந்தது! "அங்காலை!" "இல்லை, இஞ்சாலை!" ஆளுக்கொரு திசை. கடலடி முருகைக்கல்லில் படகு ஏறிவிடுமோ என்று ஓட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

"என்ன ரீச்சர், வள்ளத்துக்கு நாடி பாக்கிறியளோ?" என்றார் ஓட்டி.

"ஓம். நீர் கொஞ்சம் மூச்சை அடக்கும்."

தூணில் விழும் ஓரடி இரண்டாகப் பிரிந்து வருமாம். தண்ணீருக்குள்ளால் ஒன்று ஓடிவரும். காற்று வழியே மற்றது ஆறுதலாக நடந்துவரும். அடித்தட்டில் கேட்டதும் அவர் விரலை உயர்த்துவார். காற்றில் கேட்கும்வரை நான் தொடையில் தாளம் தட்டவேண்டும். தட்டுக் குறைந்தால் கரை கிட்டுகிறது.

முதலில் ஆறு தட்டு. கொஞ்சம் ஓடி, நிறுத்தி, மறுபடி: எட்டு. "பிழை, திருப்பும்!" ஐந்து. மூன்று. பிறகு தட்டவே நேரமில்லை; பனிக்குள்ளிருந்து சுத்தியலும் அதைப் பிடித்த கையும் முளைத்தன. படகே கூவியது.

சோதனை நடந்தது. தோடு மட்டும் என் சட்டைப் பையில் நாரந்தனைக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டது.

"இது ஆற்றை தோடு?" என்றாள் மனைவி.

ஒலியின் வேகத்தை அப்படி உயிரைக் கொடுத்து எவரும் விளக்கியிருக்கமாட்டார்கள். அவள் நம்பவில்லை. கிணற்றடியிலிருந்து தோட்டக்கோடி வரை ஓடும் இரும்புக் குழாயில் காதை வைத்துக்கொண்டு, "அந்தத் தலைப்பிலை போய் ஒருக்கா அடியுங்கோ பாப்பம்" என்றாள்.

அடித்தேன்.

"ரெண்டு தரம் அடிச்சனீங்களோ?"

"ஒருக்காத்தான்."

"பொய்! இன்னொருக்கா அடியுங்கோ."

கை சலிக்க அடித்தேன். அவள் குழாயைக் கட்டிக்கொண்டு குழந்தைபோலச் சிரித்தாள். மறுநாள் தோட்டைத் தானே கடதாசியில் மடித்து, ரீச்சருக்குப் பனங்காய்ப் பணியாரமும் சேர்த்து அனுப்பினாள்.

ரீச்சர் இப்போது யாழ்ப்பாணத்தில். ஓட்டி கைபேசியில் வழி பார்த்து ஓட்டுகிறார். பனிக்காலைகளில் நான் புறப்படும்போது மட்டும், மனைவி என் சட்டைப் பையைத் தட்டிப் பார்க்கிறாள். கை முதலில் படுகிறது. சிரிப்பு சற்றுப் பிந்தி வருகிறது.