வெயிலுமுத்துவின் கறுத்த வாட்ச்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். குச்சி அடுக்கும் கூலியாகத் தொடங்கி, நாற்பது வயதில் கோவில்பட்டியில் சொந்தமாகத் தீப்பெட்டி ஆபீஸ் போட்டேன். தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். எண்பது பேருக்கு வேலை கொடுத்தேன். ஆளைப் பார்த்து எடைபோடுவதில் நான் லேசுப்பட்டவன் இல்லை. அப்படிப்பட்ட நான் ஒருவனைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், அவனிடம் விஷயம் இருக்கிறது.

வெயிலுமுத்து புதூர்ப் பக்கத்துக்காரன். என் ஆபீசில் மருந்து முக்குகிறவன். குச்சி அடுக்கிய சட்டத்தை மருந்தில் தொட்டு எடுப்பதுதான் வேலை. கொஞ்சம் ஆழ்ந்தால் கொண்டை பெருத்து மருந்து வீண். கொஞ்சம் மேலே நின்றால் மொட்டைக் குச்சி. அவன் தொட்ட சட்டத்தில் எல்லாம் குண்டூசித் தலைபோல ஒரே அளவில் நிற்கும். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு கை கிடையாது. அந்தக் கையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவன் நான்.

தொண்ணூற்றாறில் அவனுக்கு ஓர் ஆசை பிடித்தது. மெயின் ரோட்டில் வேணுகோபால் வாட்ச் கடையில், கண்ணாடிக்குள் ஒரு பழைய ஸ்விஸ் வாட்ச் இருந்தது. இரண்டு ஒரு ரூபாய்க் காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்ததுபோல மெல்லிசு. வெள்ளை முகம், கறுப்புத் தோல்வார், இரண்டே முள். உடம்பு சுத்த வெள்ளி என்று வேணுகோபால் சொன்னார். விலை நாலாயிரம், அதாவது அவனுடைய மூன்று மாதக் கூலி. வேலை முடிந்து போகிறபோதெல்லாம் சைக்கிளை நிறுத்தி அதைப் பார்த்துவிட்டுத்தான் போவானாம்.

கூப்பிட்டு, நாலாயிரத்தையும் அட்வான்சாகத் தருகிறேன் என்றேன். எங்கள் தொழிலில் அட்வான்ஸ் வாங்கியவன், அதைக் கழிக்கிறவரை வேறு ஆபீஸ் வாசலை மிதிக்க முடியாது. நல்ல கையைக் கட்டிப்போட அதைவிடத் தோதான கயிறு இல்லை. மறைப்பானேன், அதை நினைத்துத்தான் சொன்னேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. அப்புறம் மணி பாக்கும்போதெல்லாம் ஒங்க மொகம்லா தெரியும்" என்றான்.

எனக்கு அப்படி ஒருத்தரும் பதில் சொன்னதில்லை. சிரித்துவிட்டேன்.

இரண்டு வருடம் சேர்த்தான். டீயை நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றப் போனான். அவன் மனைவி காளீஸ்வரி என் ஆபீசிலேயே பெட்டியில் குச்சி அடைக்கிறவள். மணி பார்க்க ஊரெல்லாம் கேட்க மில்லில் சங்கு ஊதுகிறானே, உங்களுக்கு எதற்கு வெள்ளியில் வாட்ச் என்று அவள் ஏசாத நாள் இல்லை. வேணுகோபாலும் நல்ல மனுஷர். மாதாமாதம் அவன் கொடுத்து வைத்ததை நம்பி, வேறு யாருக்கும் விற்காமல் வைத்திருந்தார்.

தொண்ணூற்றெட்டு தை மாதம் வாட்ச் அவன் கைக்கு வந்தது. ஆனால் மருந்துக் கொட்டகைக்குள் வாட்ச் கட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். அதனால் கைக்குட்டையில் சுற்றி, கொட்டகைச் சுவரில் ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் வைத்துவிட்டு வேலை பார்ப்பான்.

பத்தே நாள். வாட்ச் கறுத்துவிட்டது. விளிம்பெல்லாம் அடுப்புக்கரி பூசியதுபோல ஆகிவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் வாங்கிப் பார்த்தேன். என் கையில் சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்த தங்க நிற வாட்ச் மின்னிக்கொண்டிருந்தது. "ஏலே வெயிலு, கடக்காரன் வெள்ளின்னு சொல்லித் தகரத்தக் கட்டி விட்டுட்டாம்லே" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். லேபிள் ஒட்டுகிற சீனி, மழைக்காலத்தில் துருப்பிடிக்காமல் இருக்க அதற்கு ஒரு குடை வாங்கிக் கொடுக்கச் சொன்னான். எண்பது பேரும் சிரித்தார்கள்.

வெயிலுமுத்து வாட்சை வாங்கிக் கைக்குட்டையில் சுற்றினான். ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பாதி விலை தருவதாக வேணுகோபால் சொல்லியிருந்தாராம். அரைநாள் லீவு கேட்டான். இரண்டு வருட உழைப்பில் பாதி போகட்டும் என்று முடிவு கட்டிவிட்டான். முகம் செத்துக் கிடந்தது. நானும் போய்வா என்றேன்.

வாசலில் காளீஸ்வரி மறித்தாள். சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காலை நீட்டினாள்.

"ஆளாளுக்கு ஒண்ணு சொன்னா ஒடனே கெளம்பிருவியளோ? எங் கொலுசப் பாருங்க. நீங்க வாங்கிப் போட்ட வெள்ளிதான? இங்கன வேலைக்கு வந்தா வாரத்துக்கு ஒருக்கா கறுக்கத்தான செய்யுது. சீனியண்ணன் பொண்டாட்டி போட்டிருக்க எவர்சில்வர் கொலுசுதான் கறுக்காது."

சீனி லேபிளைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

மருந்தில் இருப்பது கந்தகம். அந்தக் காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். முப்பது வருடம் கந்தகத்தோடு புழங்கிய எனக்கு அது தோன்றவில்லை, பெட்டி அடைக்கிறவளுக்குத் தோன்றியது. என் அறைக்குள் போய்ச் சாமி படத்தின் முன்னால் இருந்த திருநீற்றை எடுத்துவந்தாள். அவன் கையிலிருந்த வாட்சைப் பிடுங்கி முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு விலகி, நிலா மாதிரி வெள்ளை வந்தது. சிரித்தவர்கள் எல்லாரும் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் ஏசிய அவளே அதை அவன் கையில் கட்டிவிட்டாள்.

மறுநாளே அவன் சட்டையை என் அறையில் மாட்டச் சொல்லி உத்தரவு போட்டேன். வேறு எந்த முதலாளி செய்வான்?

என் சிங்கப்பூர் வாட்ச் இரண்டே வருடத்தில் முலாம் உரிந்து பித்தளை காட்டியது. வெயிலுமுத்துவிடம் அவனுடையதை ஆறாயிரத்துக்குக் கேட்டேன்.

"தர மாட்டேன் அண்ணாச்சி. மணி கேளுங்க, எப்பவும் சொல்லுதேன்" என்றான்.

அட்வான்ஸ் ஒரு பைசா வாங்காமலே இன்றைக்கும் என் ஆபீசில்தான் இருக்கிறான். என் வீட்டில் இப்போது மூன்று வாட்ச், ஆபீசில் இரண்டு சுவர்க் கடிகாரம். ஆனாலும் சாயங்காலம் அவன் சட்டையை எடுக்க வரும்போது மணி கேட்பேன். வாயால் சொல்ல மாட்டான். வாட்சைக் கட்டி, கையை என் முகத்துக்கு நேரே நீட்டுவான். நான் பார்த்து முடிக்கிறவரை எடுக்க மாட்டான்.